மூன்று கிளாஸில் ஒன்று வேறு

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு ஆலையில், ருசி பார்க்கும் அறையில் இருந்தவர்கள்: உன் அண்ணன், அவருடைய பார்ட்னர் வாட்ச்கடைக்காரர், பாட்டிலுக்கு மூடி போடுகிற நம் மூடி அக்கா, புதிதாகச் சரக்கு எடுக்க வந்த ஹோட்டல்காரர், வேர்க்கடலைத் தட்டோடு வாசலில் நின்ற நான். ஐந்து பேர். வேறு யாரும் இல்லை. நலம் விசாரிக்காமல் இதை முதலில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. நீ அங்கே சௌக்கியமா? பெயிண்ட் கிடங்கு வேலை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுப் பேல் ஏல் பீர். கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு போட்டுக் காய்ச்சியது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே ஆரஞ்சுத் தோல் மணக்க வேண்டும் என்று மூன்று வாரமாக உன் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். காய்ச்சியவர் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும், முதலில் சொன்னால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்பது நீங்கள் இரண்டு பேரும் கொட்டகையில் ஆலையை ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிற பழக்கம். அன்று அவர் முதலில் பேசினார். கண்ணை மூடி மோந்து, "ஆரஞ்சுத் தோலு அப்படியே தூக்குது" என்றார்.

மூடி அக்காதான் பொறுக்க முடியாமல், "அண்ணே, எனக்கென்னவோ மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசந்தான் வருது" என்றாள். வாசலில் நின்ற எனக்கும் அதுதான் வந்தது. ஹோட்டல்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மணி பார்த்தார். பாட்டிலில் காற்று புகுந்திருக்கும் என்று பிறகு பேசிக்கொண்டார்கள். காற்று புகுந்தது பெரிதில்லை. அது உன் அண்ணனுக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது.

மறுநாள் அடுப்பில் பால் தீய்ந்தது. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வாசம் பிடித்து ஓடி வந்தேன். அவர் அடுப்புக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்டில் பாய்லர் புகை ஏறி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அதிலிருந்துதானோ என்று சந்தேகம். அப்போது நீ இங்கேதான் இருந்தாய். பத்து நாள் கழித்துத்தான் வேலை கிடைத்தது என்று கிளம்பினாய். உன்னிடம் ஏதாவது சொன்னாரா? வாட்ச்கடைக்காரருக்குத் தெரிந்தால் அண்ணன் இடத்தில் வேறு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஆலையை விட்டு வெளியே வந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. போனில் பேசலாம் என்றால் அவர் பக்கத்தில் இருக்கிறார். நீயும் எடுப்பதில்லை. தபால்காரர் பத்து மணிக்கு வருவார். அப்போது வீட்டில் நான் மட்டும்தான்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி

---

ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நான் நலம். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை, மூச்சு விட நேரமில்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

உங்கள் கடிதம் போலீஸ் ரிப்போர்ட் மாதிரி இருந்தது. யார் யார், எத்தனை மணி, கையில் என்ன தட்டு. அடுத்த தடவை ஹோட்டல்காரரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

அண்ணனுக்குச் சளியாக இருக்கும். வயசும் ஆகிறதில்லையா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்று கிளாஸ் வையுங்கள். இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று மோந்து பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். ஒருதரம் குருட்டாம்போக்கில் சரியாகிவிடும்; மூன்று தரம் செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாங்கள் எல்லாப் பீரையும் இப்படித்தான் பார்ப்போம். வாட்ச்கடைக்காரர் காதுக்கு மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஆகஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியும் அலைச்சலுமாக இருந்தது. எனக்கு ஒன்றும் சரியாக நினைவில்லை.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நான் எழுதினதே தெரிய வேண்டாம்.

தம்பி

---

பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ ஆறாம் வகுப்பு. அன்றைக்கே தப்புப் பண்ணிவிட்டால் முதலில் என்னைச் சிரிக்க வைக்கப் பார்ப்பாய்.

டீயில் செய்து பார்த்தேன். ஒன்றில் மட்டும் ஏலக்காய் தட்டிப்போட்டு, மூன்று கிளாஸையும் அவர் முன்னால் வைத்து மோந்து பார்க்கச் சொன்னேன். முதல் தரம் தப்பு. இரண்டாவது தரமும் தப்பு. மூன்றாவது தரம் கிளாஸைத் தொடவேயில்லை.

"என்ன, பரீட்சையா?" என்றார்.

நான் ஏலக்காய் போட்ட கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஆகஸ்டுலேர்ந்து ஒண்ணும் கிடையாது. நீ வைக்கிற குழம்பு உப்பா காரமான்னு நாக்கு சொல்லுது, அது என்ன குழம்புன்னு எனக்குத் தெரியல. உன் முகத்தைப் பார்த்துத்தான் நல்லாருக்குன்னு சொல்லிட்டிருக்கேன்" என்றார்.

ஆறு மாதமாக ஒரு வேளைகூட விடாமல் நல்லாருக்கு என்று சொன்ன மனிதர். டாக்டரையும் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். மூக்குக்குள் நரம்பு வெந்திருக்கிறது, வந்தாலும் வரலாம், ஒரு வருஷம் பொறுக்க வேண்டும் என்றாராம்.

இதற்கு நடுவில் அந்த அட்டைப்பெட்டி விஷயத்துக்கு அப்புறம் வாட்ச்கடைக்காரர் இரண்டு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் மூன்று கிளாஸ் சோதனை வைக்கிறார். எல்லோருக்கும்தான். போன வாரமும் இந்த வாரமும் அண்ணன் சரியாகச் சொன்னார். அதற்கு ஒரு வழி பண்ணியாயிற்று. எப்படி என்று கேட்காதே.

பேல் ஏலைத் திரும்பக் காய்ச்சினார்கள். இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது என்று மூடி அக்கா சொன்னாள். எடுத்ததும் எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி, நடுவில் சுட்ட ரொட்டி மாதிரி, எல்லாம் போன பிறகு தொண்டைக்கடியில் ஒரு கசப்பு வந்து பத்து எண்ணும்வரை நிற்கிறதாம். அது போகும்போது இன்னொரு மடக்கு கேட்கிறதாம்.

பத்து நாள் லீவு போட்டு வந்துவிட்டுப் போயேன். உன் மூக்கு அவர் மூக்கைவிடப் பெரிது என்று அவரே சொல்வார்.

அண்ணி

---

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நலம். நீங்களும் அண்ணனும் நலம் என்று நம்புகிறேன்.

மூடி அக்காவை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். எந்தப் பீரைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு", இல்லாவிட்டால் "நல்லால்ல". இந்த இரண்டைத் தாண்டி அவள் வாயில் மூன்றாவது வார்த்தை வந்ததென்றால் அது அட்டைப்பெட்டிதான். எலுமிச்சை இலை, சுட்ட ரொட்டி எல்லாம் அவள் சொன்னதில்லை.

மோந்து பார்த்தால் மணம் தெரியும். வாயில் வைத்துத் துப்பினால் புளிப்பு, இனிப்பு தெரியும். தொண்டைக்கடியில் பத்து எண்ணும்வரை நிற்கிற கசப்பு, விழுங்கினவருக்குத்தான் தெரியும் அண்ணி.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

லீவு கேட்டுப் பார்க்கிறேன். கஷ்டம்.

தம்பி

---

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன்.

நான்தான். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் பீர் காய்ச்சுகிறவர் வீட்டில் இருந்துகொண்டு நாக்கில் ஒரு சொட்டு வைக்காதவள். ஆலை நன்றாக நடக்கட்டும் என்று தினம் சாமி கும்பிடுவேன், சரக்கை மட்டும் தொட மாட்டேன்; "தங்கச்சியோட சாமிக்கு வருமானம் மட்டும் ஆகும் போல" என்று வாட்ச்கடைக்காரர் கேலி பண்ணுவார்.

கிளாஸ் கழுவுகிற அறையில் மூடி அக்கா மூன்று கிளாஸையும் ஊற்றி வைத்துவிட்டுப் போவாள். எதில் எது என்று அவளிடம் கேட்டுவிடலாம். ஆனால் அவளை இதில் இழுத்தால் அவள் வேலையும் போகும். அதனால் நானே பார்க்கிறேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் உன் அண்ணன் முன்னால் வைப்பேன். என் கட்டை விரல் எந்த கிளாஸ் பக்கம் இருக்கிறதோ அதுதான் வேறு.

முதல் வாரம் வாயில் வைத்துத் துப்பினேன். பாதிதான் தெரிந்தது. அடுத்த வாரம் விழுங்கினேன். வீட்டுக்கு வந்து ஏழெட்டுத் தடவை வாய் கொப்பளித்துவிட்டும் சாமி படத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

ஆனால் ஐந்து வாரமாகப் பேனாவை எடுத்து எடுத்து வைத்தது அதற்காக இல்லை. தம்பி, எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கசப்பு அடங்கும்போது ஒரு தெளிவு வருகிறதே, அதற்காக வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஒருநாள் நினைத்துவிட்டேன். இதை உன்னைத் தவிர யாரிடம் எழுதுவேன்?

லீவு என்ன ஆயிற்று? உன் அண்ணன் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் யாரோடும் பேசுவதில்லை. ஹாப்ஸ் மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டு நிற்கிறார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அண்ணி

---

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

பிடித்திருந்தது என்றால் அண்ணன் நன்றாகக் காய்ச்சியிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். பிடிக்க வேண்டும் என்றுதானே ராத்திரி பகல் பாராமல் கஷ்டப்பட்டோம்? சாமிக்கு உங்களைத் தெரியும்.

உங்களுக்கு உதவியாக இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் வாசம் வந்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. வேகவைத்த சோள வாசம் வந்தால் கொதி போதவில்லை. ஒரு கிளாஸுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் உங்கள் முழங்கையை மோந்துகொள்ளுங்கள். சிரிக்காதீர்கள்; மூக்கு பழையபடி ஆக எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம்.

நான் வந்து பிரயோஜனமில்லை. பெயிண்ட் வாசத்தில் என் மூக்கு மரத்துப்போய்விட்டது.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது பேசுவாரா?

தம்பி

---

மே 18

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? இங்கே நலமில்லை.

வெள்ளிக்கிழமை அறையில் உன் அண்ணன், வாட்ச்கடைக்காரர், மூடி அக்கா, நான். நான்கு பேர். அன்று முன்னாடியே மூடி அக்காவைக் கழுவும் அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு வாட்ச்கடைக்காரரே கிளாஸில் ஊற்றி வைத்திருந்தார். நான் வழக்கம்போலக் கழுவும் அறையில் மூன்றையும் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீ சொன்னபடி முழங்கையை மோந்துவிட்டு மறுபடி பார்த்தேன். தெரியவில்லை. மூன்றாவது தரமும் தெரியவில்லை. என் நாக்குப் போய்விட்டது, விழுங்கினதற்குத் தண்டனை என்று பயந்தேன். மூன்றில் ஒன்று வேறாகத்தான் இருக்கும் என்று நீ எழுதியிருந்தாயே. நடுவில் இருந்தது கொஞ்சம் மங்கலாகப் பட்டது. அதன் பக்கம் விரலை வைத்துக் கொண்டுபோனேன்.

உன் அண்ணன் மூன்றையும் நிதானமாக மோந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு மடக்குக் குடித்தார். "நடுவுல இருக்கறது" என்றார்.

வாட்ச்கடைக்காரர் கோபப்படவில்லை. "மூணும் ஒண்ணுதாண்ணே" என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "தட்டை வச்சாச்சுல்ல தங்கச்சி, கையை எடுத்துக்கலாம்" என்றார்.

நான் கையை எடுத்தேன்.

மோசமான மனிதர் இல்லை அவர். "காய்ச்சுற கை உங்க கைதான், அதை நான் மறுக்கல. ஆனா மூக்குள்ள ஆளு ஒருத்தர் கூட வேணும். ஜூலை கடைசிவரைக்கும் பாக்கறேன். உங்க ஆளா இருந்தா சந்தோஷம். இல்லேன்னா நான் கொண்டார ஆளுதான் காய்ச்சுவாரு, நீங்க வீட்ல இருங்க" என்றார். உன் அண்ணன் தலையாட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் நாக்கை நான் நம்பியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

இன்னொன்று. ஆலைப் புத்தகங்களை எல்லாம் ஒழுங்காகப் பிரதி எடுக்க வேண்டும் என்று, எழுத்து நன்றாக இருப்பதால் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். டாங்க் கழுவும் புத்தகத்தில் ஆகஸ்ட் 14. குளோரின் கழுவல் முடிந்தது 3.10. தண்ணீரில் அலசி முடித்தது 3.15. அமிலம் விட்டது 3.20. கீழே உன் கையெழுத்து. அலச நாற்பது நிமிஷமாவது ஆகும், அலசாமல் அமிலம் விட்டால் இரண்டும் சேர்ந்து விஷவாயுவாகும் என்று ஒருநாள் எனக்கு விளக்கினவன் நீதான். பாய்லர் புத்தகத்தையும் பார்த்தேன். அன்று பாய்லரைப் பற்றவைக்கவேயில்லை.

இந்த நேரங்கள் சரியா என்று மட்டும் எழுது.

அண்ணி

---

ஜூன் 16

தம்பிக்கு,

நலமா? பதில் வரவில்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். கிடைத்திருக்கும் என்று தெரியும்.

அண்ணி

---

ஜூலை 3

அண்ணிக்கு,

வணக்கம் எழுதவும் கை வரவில்லை.

அந்த நேரங்கள் சரிதான். நாலு மணிக்கு டி.வி.யில் மேட்ச். அதற்காகத்தான். ஐந்து நிமிஷம் தண்ணீரைக் காட்டிவிட்டு அலசியாயிற்று என்று எழுதினேன். வாயு அண்ணன் வருவதற்குள் போய்விடும் என்றுகூட நினைக்கவில்லை. வாயு வரும் என்றே நினைக்கவில்லை. ஆயிரம் தடவை கழுவின கை, ஒரு தடவை என்ன ஆகிவிடும் என்றுதான். அண்ணன் எப்போதும் போல டாங்க் மூடியைத் திறந்து, எல்லா மூலைக்கும் போயிருக்கிறதா என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டார்.

வண்டியில் என் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "பாய்லர் பொகைன்னு சொல்லு. உங்க அண்ணிகிட்டயும்" என்றார். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். தினமும் சாப்பிட உட்காரும்போது அவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னைப் பார்க்காமல் வைப்பார். பத்து நாள்தான் என்னால் தாங்க முடிந்தது.

மூக்கு மரத்துவிட்டது என்று எழுதினேனே, பொய். இந்தக் கிடங்கில் எந்த டப்பா கசிகிறது என்று மூன்று அறை தள்ளி நின்று சொல்கிறேன்.

உங்களைப் பொய் சொல்ல வைத்தேன். நீங்கள் தொடாததைத் தொட வைத்தேன். எந்த முகத்தோடு வருவேன்?

தம்பி

---

ஜூலை 9

தம்பிக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் வேண்டும். கேட்கிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். கோபம் வரவில்லை என்று எழுதினால் நானும் பொய் சொல்கிறவள் ஆவேன். ஒரு மேட்ச். அன்று அடுப்பு பற்றவைக்கவில்லை. சாயங்காலம் அவர் வந்து என்ன என்று கேட்டபோது தலைவலி என்றேன். மறுநாளும் அதையே சொல்ல வாய் வரவில்லை. சாப்பாடு போடும்போது, "தம்பி எழுதியிருக்கான்" என்றேன்.

தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "எல்லாத்தையுமா?" என்றார்.

"எல்லாத்தையும்."

இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு, "அங்க சாப்பாட்டுக்கெல்லாம் என்ன பண்றானாம்?" என்றார்.

நீ அதைப் பற்றி ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. தெரியாது என்றேன். உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "கூப்பிடாத. தண்டனைன்னு நெனச்சுக்கிட்டு வருவான்" என்றார். கை கழுவப் போனவர் வெகுநேரம் குழாயடியிலேயே நின்றார்.

அவர் பேச்சை நான் இதுவரை மீறினதில்லை. இப்போது மீறுகிறேன். தண்டனை என்று நினைத்துக்கொண்டாவது வா.

வாட்ச்கடைக்காரர் என்னையே அந்த இடத்தில் உட்காரச் சொல்லிப் பார்த்தார். என்னால் ஆகாது. புதுப் பேல் ஏல் டாங்கில் இருக்கிறது. பச்சை ஆப்பிள் வாசம் வருகிறது. இன்னும் நாள் விட வேண்டுமா, கொட்டிவிட வேண்டுமா, எனக்குத் தெரியாது. உன் அண்ணனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், ஆனால் நான் சொல்கிற ஆப்பிள் எந்த ஆப்பிள் என்று அவருக்குத் தெரியவில்லை. பழுத்ததா, காயா, நறுக்கி வைத்ததா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்று இரண்டு பேரும் சலித்துப்போய் டாங்கை மூடிவிட்டு வந்துவிட்டோம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுத மாட்டேன். அது எனக்கு இன்னும் வரவில்லை. தினம் சாமியிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், வந்ததும் சொல்கிறேன். அதற்காக நீ அங்கேயே காத்துக்கொண்டிருக்க வேண்டாம். அதுவரை இங்கே இருந்து வேலையைப் பார்க்கலாம்.

ஜூலை முடிய இருபத்திரண்டு நாள் இருக்கிறது. வாட்ச்கடைக்காரரிடம் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். வருகிறாயா, இல்லையா? ஒரு வரி போதும். தயவு செய்து இந்தத் தடவை சீக்கிரம் பதில் எழுது.

அண்ணி